வெள்ளிக்கிழமை மட்டும் வரும் பிழை

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஆடி வெள்ளி என்பதால் ஆபீசில் பூசை வழக்கத்தைவிடப் பெரிது. எங்கள் முதலாளி நாச்சிமுத்து அண்ணன் பட்டு வேட்டியில் வந்தார். பெருந்துறை ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அதில் மூன்று பேர், இதுதான் எங்கள் வெப்சைட் கம்பெனி. ஆனால் பூசையில் ஒரு குறையும் இருக்காது. கம்பெனியில் ஒரே பெண் நான் என்பதால் கீழே பேக்கரி, பக்கத்து ஜெராக்ஸ் கடை, எதிர் மெடிக்கல் என்று தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு பொங்கலும் சுண்டலும் கொடுத்து வருவது என் தலையில் விழுந்த வேலை. எம்.சி.ஏ. படித்தது இதற்குத்தான் போல.

திரும்பி மாடி ஏறினால் போன் அலறுகிறது. மண்டபக்காரர் தங்கராசு. அவல்பூந்துறைப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். அவருடைய சைட்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

"ஏனுங்க, சைட்டு உச்சியில இங்கிலீசுல என்னமோ ஓடுதுங்க. தேதி ஒண்ணையும் காணம். காத்தால நல்லாத்தானுங்க இருந்துச்சு."

திறந்து பார்த்தேன். கேட்ட ஃபைல் அந்த இடத்தில் இல்லை என்று, சைட்டை ஓட்டுகிற பிஎச்பி புலம்பிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் அப்படியென்றால் என்ன என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். சைட்டில் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான துண்டுகள் தனித்தனி ஃபைலாக இருக்கும். பக்கத்தின் மேல்பகுதிக்கு ஹெட்டர் ஃபைல். எந்தெந்த முகூர்த்தம் புக் ஆகிவிட்டது என்பதற்குத் தேதி ஃபைல். யாராவது புக் செய்தால் தேதி அதில் தானாக ஏறிக்கொள்ளும். ஹெட்டருக்குள் ஒரு வரி இருக்கும்: தேதி ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது, எடுத்து இங்கே சேர். சொன்ன இடத்தில் ஃபைல் இல்லாவிட்டால் பிஎச்பி ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பாரி வைக்கும்.

முபாரக் அப்போது ஆபீசில் இல்லை. வைகாசியில் வேலைக்குச் சேர்ந்த பையன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவான். போன மாதக் கடைசியில் சைட்டில் இறைந்து கிடந்த பொதுத் துண்டுகளையெல்லாம் ஒரே ஃபோல்டரில் அடுக்கி வைத்தவன் அவன்தான். அடுக்குவதற்கு முன்னால் ஒரு தகராறும் வந்ததில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வந்தான். பார்த்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் சரிசெய்துவிட்டான்.

"பழைய ஹெட்டர் வந்து உக்காந்திருக்குங்கக்கா. அது பழைய இடத்துல போய்த் தேதியத் தேடுது. புதுச மறுபடி ஏத்திட்டேன்."

"பழசு எப்படிப்பா வரும்? அதுவா நடந்து வருமா?"

"அதுதாங்கக்கா எனக்கும் புரியல."

புரியாதவன் இவ்வளவு வேகமாகச் சரிசெய்வானா? எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பால்காரர் தண்ணீர் கலக்கிறார். நேற்றுத் தயிர் உறையவே இல்லை. கேட்டால் மழைக்கு மாடு பச்சைப்புல் தின்கிறது என்கிறார். மழையே பெய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் கறிவேப்பிலைச் செடியில் கை வைக்கிறாள் என்பதும் உறுதி. "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவ" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சிரித்துக்கொண்டே இருக்கட்டும். யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தான் குடும்பம் நடக்கும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

சொன்னேனே. இன்றும் அதே கதை.

காலையில் சைட் நன்றாக இருந்தது. பூசை ஆயிற்று. சாமிக்குப் படைக்கும் முன்பே முபாரக்குக்கு ஒரு கிண்ணம் சுண்டல் தனியாக எடுத்து வைத்துவிடுவார் அண்ணன். "அந்தப் பையன் திங்கறதா வேண்டாமான்னு சங்கடப்படக் கூடாதம்மிணி" என்பார். அப்படிப்பட்ட மனுசர். நான் பிரசாதம் கொடுக்கக் கீழே இறங்கும்போது முபாரக்கும் தொப்பியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே இறங்கினான். நான் மேலே வருகிறேன், தங்கராசு போன் வருகிறது, சைட்டில் ஒப்பாரி. அவன் இருக்கும்வரை ஒன்றுமில்லை, அவன் போனதும் வருகிறது, அவன் வந்ததும் சரியாகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு மதம், ஜாதி என்ற பேச்செல்லாம் கிடையாது. கூடப் படித்த நூர்ஜஹான் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவள் நான். இது வேறு விஷயம்.

இந்த முறை அவன் வரும்வரை காத்திருக்கவில்லை. ஹெட்டர் எந்த இடத்தில் போய்த் தேடுகிறதோ, அந்த இடத்தில் தேதி ஃபைலின் ஒரு காப்பியை எடுத்து வைத்தேன். அவ்வளவுதான், பிஎச்பி வாயை மூடிக்கொண்டது. தங்கராசு போன் செய்து நன்றி சொன்னார். நான்கு வரிக் கோளாறுக்கு நாற்பது யோசனை எதற்கு?

முபாரக் வந்தவுடன் பார்த்துவிட்டான்.

"அக்கா, தேதி ஃபைலு வெளியில ஒரு காப்பி கெடக்குதுங்க. நீங்க வெச்சீங்களா?"

போனில் பேசுவதுபோல் இருந்துவிட்டேன். கொஞ்சம் கழித்து மறுபடி வந்து நின்றான்.

"அது அங்க இருக்க வேண்டாங்கக்கா. புக்கிங் எல்லாம் உள்ள இருக்கற ஃபைல்லதான் ஏறும், இந்தக் காப்பியில ஏறாது. எடுத்துரலாம்."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது விடு. நீ உன்ற வேலையப் பாரு."

போனான். ஆனாலும் ஹெட்டரை மறுபடி மாற்றி ஏற்றினான், நான் கவனித்தேன். நான் வைத்த காப்பி அவனுக்கு ஏன் உறுத்துகிறது? அது இருந்தால் அவன் வித்தை பலிக்காது, அதனால்தான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

சாப்பாட்டு வேளையில் முபாரக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். அண்ணன் பேங்குக்குப் போயிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"வர்ற வெள்ளிக்கிழமை நீங்க பிரசாதம் குடுக்கப் போகாம, பூசை முடிஞ்சு அண்ணன் சிஸ்டத்துல உக்காந்து என்ன பண்றாருன்னு ஒரே ஒரு தடவ பாருங்கக்கா."

"ஏன், அவரு என்ன பண்றாரு?"

"நீங்களே பாருங்க. நான் சொல்றது சரியா இருக்காதுங்கக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் கொடுக்கிற மனுசர், தனியாகச் சுண்டல் எடுத்து வைக்கிற மனுசர், அவர்மேலேயே பழியைத் திருப்புகிறான். அதையும் நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லை. அண்ணன் சொந்தக் கம்பெனி சைட்டைக் கெடுத்து என்ன சம்பாதிக்கப் போகிறார்? முகம் கொடுக்காமல் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்துவிட்டேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. கேஸ் தீர்ந்தது. பால்காரரை நிறுத்திவிட்டு பாக்கெட் பாலுக்கு மாறினேன். அந்தத் தயிரும் சரியாக உறையவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி பிறந்தது. இனி முகூர்த்தங்கள் குவியும். தங்கராசு சைட்டில் கூட்டம்.

இன்று எர்ரர் வரவில்லை. முபாரக் இன்று வேலைக்கே வரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கோபியில் சித்தப்பா மகளுக்கு நிக்காஹ் என்று இன்றும் நாளையும் லீவு. அவன் இல்லை, எர்ரரும் இல்லை. அண்ணனிடம் சாடையாகச் சொன்னேன். அவர் விபூதியைத் தட்டிக்கொண்டே, "நல்லதுதான அம்மிணி" என்றார். அவருக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது.

எப்போதும்போல் பிரசாதம் கொடுக்கப் போய் வந்தேன். யார் சொன்னதற்காகவும் ஒரு நல்ல மனுசரை நான் வேவு பார்க்க மாட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

வீட்டுக்கு வந்து உலைகூட வைக்காமல் எழுதுகிறேன்.

காலையில் ஆபீஸ் திறந்தவுடன் தங்கராசு நேரிலேயே வந்துவிட்டார். கூடவே ஒரு பெரியவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம். வேர்த்து விறுவிறுத்து இருந்தார். ஐப்பசியில் ஒரு ஞாயிறு முகூர்த்தம். போன புதன்கிழமையே வேறொரு வீட்டார் அதை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை இவர் பார்க்கும்போது காலி என்று சைட் காட்டியிருக்கிறது. இவரும் பெண்ணுக்காகப் புக் செய்துவிட்டார். புக் ஆகிவிட்டது என்று பதிலும் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி, பத்திரிகையும் அச்சுக்குக் கொடுத்தாயிற்று.

"சம்பந்தி வீட்டுல என்ன சொல்லட்டுங்க நான்? மண்டபமில்லாமயே தேதி குறிச்சுட்டான்னு பேச மாட்டாங்களா?" என்று அந்தப் பெரியவர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இதற்கு முன் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தங்கராசு சத்தம் போடவில்லை. "யாரு பண்ணுனதுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். அந்த ஆளு இங்க இருந்தா என்ற சைட்டு இங்க இருக்காது" என்றார். பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கலாமணி, நீ எட்டு வருசமா எங்கூட இருக்கற. என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாம இருக்காது."

"நான் யாரையும் குத்தம் சொல்லலீங்கண்ணா. வெள்ளிக்கிழமை மட்டுந்தான் வருது. முபாரக் எறங்கிப் போனதும் வருது, வந்ததும் சரியாகுது. எப்பப் போறான், எப்ப வர்றான்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். ஹெட்டர் ஃபைல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாத்தறதும் அவந்தானுங்க. இதுக்கு மேல நீங்களே யோசிச்சுக்கங்க."

அவனைக் கூப்பிட்டார். நான் வெளியே போகிறேன் என்றதற்கு, இரு என்றார்.

"நான் கெடுக்கலீங்கண்ணா. கெட்டதச் சரிபண்ணத்தான் மாத்துனேன்" என்றான் முபாரக்.

"அப்பறம் யாரு கெடுக்கறா? சொல்லு."

அவன் அண்ணனைப் பார்த்தான். சாமி படத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அக்காகிட்ட சொன்னேனுங்கண்ணா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்னம்மிணி சொன்னான்?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்கண்ணா" என்றேன்.

பின்னே என்ன சொல்வது? உங்களைப் பற்றித்தான் கோள் மூட்டினான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதா? அதுவும் அவர் இருந்த நிலைமையில்? அந்தப் பையனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் முபாரக்கின் கணக்கை முடித்துவிட்டார். மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது தன் கம்ப்யூட்டரை அணைத்து உறையைப் போட்டு மூடிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, அண்ணன் சிஸ்டத்தில் மட்டும் புதுசைப் போட்டுக் கொடுத்தேன். ஹெட்டரில் புதுசுதான் இருந்தது, போவதற்கு முன் முபாரக் ஏற்றியிருக்க வேண்டும். வெளியே கிடந்த தேதிக் காப்பியையும் எடுத்துவிட்டேன். யார் வைத்தது என்ற பேச்சு இப்போது எதற்கு? அதைத் திறந்து பார்க்கவில்லை.

தங்கராசு அந்தப் பெரியவருக்குத் தன் மச்சினர் மண்டபத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டாராம். ஊருக்கு வெளியே இருக்கிறதாம், இருந்தாலும் கல்யாணம் நடக்கும்.

ஆகஸ்ட் 23, புதன்

அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. ஆபீஸ் ரொம்ப அமைதி. எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பூசை. பிரசாதம். பேக்கரிக்காரர், "எங்க அந்தத் தொப்பிப் பையனக் காணோம்" என்றார். லீவு என்றேன். மேலே வந்தேன். போன் அடித்துக்கொண்டிருந்தது.

தங்கராசு. "ஏனுங்க, மறுபடி உச்சியில இங்கிலீசு ஓடுதுங்க."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். முபாரக் வெளியிலிருந்தே உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் தோன்றியது. பாஸ்வேர்ட் மாற்றியும் வருகிறானே, எமகாதகன் என்று திட்டினேன். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தே தீருவது என்று சர்வரில் போய்ப் பார்த்தேன். ஹெட்டர் சற்றுமுன் ஏற்றப்பட்டிருந்தது. எங்கிருந்து என்று பார்த்தேன். எங்கள் ஆபீசிலிருந்து. என் மிஷினிலிருந்து இல்லை. உறை போட்டு மூடியிருந்ததிலிருந்தும் இல்லை.

அண்ணன் அறைக்குப் போனேன். கற்பூர வாசனை இன்னும் இருந்தது. அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. அதில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது.

"என்னங்கண்ணா இது?"

"இதா? தங்கராசு சைட்டுத் தொறந்தப்ப வெச்சதம்மிணி. என்ற கையாலதான் தொறக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு, எனக்குக் கைராசின்னு. நல்ல நேரம் பாத்து இதுல இருந்துதான் ஏத்துனேன். அந்த வாரமே புக்கிங் வந்து குமிஞ்சுதல்லோ. அதுல இருந்து வெள்ளிக்கிழமையானா இத லட்சுமி படத்துக்கு முன்னால வெச்சு, சூடம் காட்டி, இந்த மேல வர்ற பக்கத்த மட்டும் ஒருக்கா ஏத்தீருவேன். கடைக்காரன் கல்லாவத் தொட்டுக் கும்பிடறானல்ல, அந்த மாதிரி. ஏன், என்னாச்சு?"

மூன்று வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறார். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, தேதி ஃபைல் பழைய இடத்தில் இருந்ததால். போன மாதம் முபாரக் எல்லாவற்றையும் அடுக்கினான். அதிலிருந்து அண்ணன் ஏற்றுகிற பழைய ஹெட்டர், இல்லாத இடத்தில் போய்த் தேடுகிறது. நான் கீழே சுண்டல் கொடுத்துக்கொண்டிருப்பேன், அவன் பள்ளிவாசலில் இருப்பான். வந்து ஒவ்வொரு வாரமும் சரிசெய்திருக்கிறான்.

போன வாரம் ஏன் ஒப்பாரி வரவில்லை என்பதும் அங்கே நிற்கும்போதே புரிந்துவிட்டது. பழைய இடத்தில் நான் ஒரு காப்பி வைத்திருந்தேன். ஹெட்டர் சமர்த்தாக அதை எடுத்துக்கொண்டது. அதில் முந்தைய வெள்ளியோடு தேதிகள் நின்றுபோயிருந்தன. புதன்கிழமை புக் ஆன முகூர்த்தம் அதில் ஏறவே இல்லை. பிஎச்பி அழுதுகொண்டே இருந்திருந்தால் அந்தப் பெரியவர் புக் செய்திருக்க மாட்டார். அதன் வாயை அடைத்தவள் நான்.

அண்ணனிடம் பென்டிரைவ் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வாழைப்பழத் தோலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"அட, இவ்வளவுதானா? இதுல புதுச மாத்தி வெச்சுக் குடுத்தீன்னா முடிஞ்சுது. முன்னாலயே சொல்லியிருக்கலாமல்லோ." பென்டிரைவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "அந்தப் பையன வேற அனுப்பிச்சுட்டனே. தங்கராசுகிட்ட நான் பேசிக்கறேன். நீ நாளைக்கே அவனக் கூப்புடு. ஆமா, அவனுக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"தெரியலீங்கண்ணா" என்றேன். காப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

போன் செய்ய எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். வீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்றார். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

இன்று பேசிவிட்டேன். எடுத்தவுடனே, "சொல்லுங்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றான். அந்தக் குரலில் ஒரு வருத்தமும் இல்லாததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பென்டிரைவ், சந்தனம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுங்கக்கா. ரெண்டாவது வாரமே பாத்துட்டேன், ஃபைலு அண்ணன் சிஸ்டத்துல இருந்து ஏறியிருந்துச்சு."

"தெரிஞ்சும் அவருகிட்ட ஏம்ப்பா சொல்லல? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சொன்னப்ப, 'இவ்வளவுதானா'ன்னாரு."

"நீங்க சொன்னா அப்படித்தாங்கக்கா சொல்லுவாரு. நான் என்னன்னு சொல்றது? அண்ணா, நீங்க சாமி கும்பிட்டு ஏத்தறதாலதான் சைட்டு கெட்டுப்போகுதுன்னு நான் போய்ச் சொல்லணுமா? நீங்க சொன்னா அது சைட்டுப் பிரச்சனை. நான் சொன்னா வேற பிரச்சனை. அதனாலதான் நீங்க ஒரு தடவ பாருங்கன்னேன்."

சொன்னான். ஆடி மாதமே என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல என்று நான்தான் அவன் முன்னாலேயே சொன்னேன். அந்தப் பேச்சை அவன் இப்போது எடுக்கவே இல்லை.

"அண்ணன் உன்னை வரச் சொல்றாரு. நாளைக்கே வந்துரு. தங்கராசுகிட்டயும் பேசிட்டாரு."

"அண்ணன் நல்ல மனுசருங்கக்கா. கேட்டேன்னு சொல்லுங்க. ஆனா வரலீங்க."

"வேற எடத்துல சேந்துட்டியா?"

"இல்லீங்கக்கா, இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கறேன்." பின்னால் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. "நான் தொழுகைக்கு எப்பப் போறேன், எப்பத் திரும்பி வர்றேன்னு ஒருத்தரும் மணி பாக்காத எடமா இருந்தாப் போதும்னு தேடறேன். நீங்க உடம்பப் பாத்துக்கங்கக்கா."

மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். கேட்பதற்குள் அவன் வைத்துவிட்டானா, அவன் வைக்கட்டும் என்று நான் காத்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னம்மிணி, வர்றானாமா?"

"வேற நல்ல வேலை கெடச்சிருச்சாமுங்கண்ணா" என்றேன்.

"அப்படியா. கெட்டிக்காரப் பையன், எங்கயிருந்தாலும் பொழைச்சுக்குவான்" என்றார். ஆமாங்கண்ணா என்றேன்.